மிதந்த துண்டு

அவள் கோழிக்கால் சாப்பிடும்போது பக்கத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் நம்முடைய சோறு இறங்காது.

மத்தியானத்தில் நாங்கள் இரண்டு பேரும், வேலை செய்கிற ஆய்வுகூடத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தாங்கியின் நிழலில், பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டுக்கொண்டு சாப்பிடுவோம். அங்கிருந்து பார்த்தால் துறைமுகத்துத் தண்ணீர் ஒரு கீற்றுத் தெரியும். கோதுமைக் கப்பல் வந்து நின்றுவிட்டால் அதுவும் தெரியாது. அவள் பார்சலை விரிப்பாள். கோழிக்காலின் தோலை உரித்துத் தாளின் ஒரு மூலையில் வைப்பாள். தோலுக்குக் கீழே இருந்த மஞ்சள் கொழுப்பை நகத்தால் வழித்து இன்னொரு மூலையில் வைப்பாள். பிறகு இறைச்சியை நார் நாராகப் பிரிப்பாள். இறைச்சியை எலும்போடு கட்டி வைத்திருந்த வெள்ளைக் கயிற்றைப் பல்லால் இழுத்துப் பார்ப்பாள். எலும்பு நுனியில் இருக்கும் வழுவழுப்பான மொட்டை நாக்கால் தடவுவாள். கடைசியில் தையல்நூல் போன்ற ஒன்றைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பாள்.

"இந்தா, இவர்தான் சொல்லுறவர்."

"என்னத்தைச் சொல்லுறவர்? சும்மா சாப்பிடன்டீ."

"காலைத் தூக்கு எண்டு சொல்லுறவர். நரம்பு. இவர் சொன்னாத்தான் இறைச்சி அசையும்."

உடம்பில் மொத்தம் நாலு குடும்பம் என்பது அவளுடைய கணக்கு. மூடுகிறவர்கள், கட்டுகிறவர்கள், இழுக்கிறவர்கள், சொல்லுகிறவர்கள். தோலும் வாயின் உட்பக்கமும் குடலின் உட்பக்கமும் மூடுகிற குடும்பம். எலும்பு, எலும்பு நுனியின் மொட்டு, வெள்ளைக் கயிறு, கொழுப்பு எல்லாம் கட்டுகிற குடும்பம். இறைச்சி இழுக்கிறது. நரம்பு சொல்லுகிறது.

இந்த நாலையும் அவள் சொல்லித்தான் நான் அறிந்தேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் சேர், அதாவது ஆய்வுகூடத்துத் தொழில்நுட்பவியலாளர், ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். மேலணியிழையம், தொடுப்பிழையம், தசையிழையம், நரம்பிழையம். நான் அதைப் பார்த்து என் கொப்பியில் மூன்று தரம் எழுதினேன். ஒரு பிழை இல்லை. அவளுக்குத் தொடுப்பிழையம் என்று ஒரு தரம்கூட ஒழுங்காக எழுத வராது. ஆனால் தாளைப் பார்த்துவிட்டு அவள் கேட்டது, "சேர், ரத்தம் எந்தக் குடும்பம்?" என்று.

"தொடுப்பிழையம், பிள்ளை."

"ரத்தம் எங்க கட்டுது? அது ஓடித் திரியிற ஆளெல்லே?" என்று நான் குறுக்கே விழுந்தேன். எனக்கும் ஏதாவது கேட்கத் தெரியும் என்று காட்ட வேண்டியிருந்தது.

சேர் வாயைத் திறக்க முன்னமே அவள் சொன்னாள். "எல்லா இடத்துக்கும் சாமான் கொண்டுபோய்க் குடுக்கிறது ரத்தம்தானே. அது ஓடாட்டி ஒரு பகுதிக்கு மற்றப் பகுதி என்ன உறவு? அதுவும் ஒரு கட்டுத்தான்."

சேர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அந்த இடத்திலேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். அதற்கு முன்னமே தொடங்கியிருக்கவும் கூடும்.

ஏனென்றால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. இரண்டு பேரும் எட்டாம் வகுப்போடு நின்றோம். ஆனால் நின்ற வருடம் நான் வகுப்பில் மூன்றாம் பிள்ளை. அவள் எத்தனையாம் பிள்ளை என்று ஒருவரும் கேட்பதில்லை. கரும்பலகையில் எழுதுவதற்கென்று ரீச்சர் என்னைத்தான் கூப்பிடுவார். நின்ற குற்றம் என் தலையில் இல்லை, வீட்டு நிலைமை. இத்தனை வருடம் கழித்து ஒரே ஆய்வுகூடத்தில் இரண்டு பேரும் சிற்றூழியர்களாக வந்து சேர்ந்தபோது, எழுத்து அழகு என்பதால் பதிவுக் கொப்பியை என்னிடம் தந்தார்கள். அவளுக்குப் போத்தல் கழுவுகிற வேலை. அந்தப் பிரிப்பு எனக்குச் சரியாகப் பட்டது. மூன்றாம் பிள்ளைக்குப் பேனை, மற்றவளுக்குப் போத்தல்.

ஆய்வுகூடத்தின் பெயர் இங்கே வேண்டாம். சின்ன இடம். வைத்தியர்கள் ஆட்களின் உடம்பில் சந்தேகப்பட்ட இடத்தில் ஒரு துண்டை வெட்டி, பழுதாகாமல் இருக்கப் போமலின் ஊற்றிய போத்தலில் போட்டு அனுப்புவார்கள். சேர் அந்தத் துண்டை மெழுகில் ஏற்றி, வெங்காயச் சருகைவிட மெல்லிதாகச் சீவி, சாயம் போட்டுக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவார். வெளியூரிலிருந்து ஒரு பெண் டொக்டர் வியாழக்கிழமைகளில் வந்து தகடுகளைப் பார்த்து, அது என்ன என்று எழுதுவார். அவர் எழுதுகிற இரண்டு வரியில் ஒரு வீட்டில் சிரிப்போ ஒப்பாரியோ தொடங்கும். நான் ஒவ்வொரு பெயரையும் இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் பதிவுக் கொப்பியில் எழுதுவேன். என் வீட்டு ஆட்களின் பெயரோடு ஒத்த பெயர் வந்தால் அன்றைக்குச் சோறு வேண்டாம்.

மெழுகுச் சீவல் வெந்நீரில் பட்டுப்போல மிதக்கும். அதைச் சுருக்கம் விழாமல் தகட்டில் ஏந்த வேண்டும். சேருக்கு அவசரம் வந்த ஒரு நாள் "நீர் ஒருக்காப் பிடியும்" என்று அவளிடம் தகட்டைக் கொடுத்தார். அவள் ஏந்திய விதத்தைப் பார்த்த பிறகு சேர் அந்த வேலையைத் திரும்ப வாங்கவில்லை. நானும் கேட்டுப் பார்த்தேன். என் கையில் நாலு சீவல் கிழிந்தது. "பரவாயில்லை, உங்களுக்கு எழுத்து வேலை இருக்குத்தானே" என்றார். என்னை நீங்கள் என்பார், அவளை உரிமையோடு நீர் என்பார். முதலில் எனக்குத்தான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் வேலை முடிந்த பிறகு சேர் எங்களைக் கூப்பிட்டார். "வாங்கோ பிள்ளையள், நீங்கள் கழுவித் துடைச்சு வைக்கிறதில என்ன இருக்கெண்டு ஒருக்காப் பாருங்கோ." நுணுக்குக்காட்டி என்று பள்ளிக்கூடத்தில் படமாகக் கீறியதுதான். கண்ணால் கண்டதில்லை. நான்தான் முந்திப் போய்க் கண்ணை வைத்தேன். வெள்ளை வெளிச்சத்தில் கறுப்பாக ஏதோ நெளிந்தது.

"சேர், புழு!"

அது என் இமைமயிர். சேர் சிரிக்கவில்லை. அவள் சிரித்தாள். பிறகு என்னைத் தள்ளிவிட்டு அவள் இருந்தாள். இருந்தாள், இருந்தாள், எழும்பவே இல்லை.

"சேர், இஞ்ச ஆரோ வலை காயப் போட்டிருக்கினம்."

சேர் குனிந்து பார்த்தார். கொழுப்பு. மருந்துகளில் ஊறும்போது கொழுப்புக் கரைந்து போய்விடும், அது இருந்த கண்கள் மட்டும் வட்டம் வட்டமாக வெறுமையாக மிஞ்சும் என்று விளக்கினார். அவள் அதற்குள் தகட்டை நகர்த்திவிட்டாள்.

"இது அடுக்கு. கீழ இருக்கிறவை குண்டா இருக்கினம். மேல வரவரத் தட்டையாகினம். மேல வாறவை சாகினமோ சேர்?"

"ஓம், தோல். மேல வந்து செத்து உதிர்ந்துதான் எங்களைக் காப்பாத்தினம். ஆர் உமக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அப்பிடித்தானே கிடக்கு."

அப்பிடித்தானே கிடக்கு. இந்த ஒரு சொல்லை அவள் எத்தனை தரம் சொல்லியிருப்பாள் என்று தெரியாது. நான் மூன்று தரம் எழுதிப் பாடமாக்குவது அவளுக்குக் கிடக்கிறபடியே தெரியும். அடுத்த வாரம் நானும் களவாகப் போய்ப் பார்த்தேன். இமைமயிரைக் கடந்து உள்ளே போக முடிந்தது. ரோஸ் நிறமும் ஊதா நிறமும் தெரிந்தது. வடிவான, பூப்போட்ட சீத்தைத் துணி. அவ்வளவுதான்.

வீட்டுக்கும் அவள் என்னோடு வந்தாள். என் கணவர் ஓட்டோ ஓட்டுகிறவர். பின்னேரம் இரண்டு பேரையும் ஏற்றி, என்னை வீட்டடியில் இறக்கிவிட்டுச் சாம்பல்தீவுப் பக்கம் அவளைக் கொண்டுபோய் விடுவார். ஒரு நாள் சந்தையில் சூரை வாங்க நின்றோம். மீன்காரர் சூரையைப் பிளந்து, நடுவில் ஓடுகிற கறுத்த சதையைச் சீவி எறியப் போனார்.

"ஏன் அண்ணை எறியிறியள்?"

"இது செத்த ரத்தம், தங்கச்சி. ஆரும் தின்னமாட்டினம்."

"செத்த ரத்தம் இல்லை. சூரை நிக்காமல் நாள் முழுக்க நீந்திற மீன் எல்லோ? அதுக்கு உழைக்கிற இறைச்சி இது. ரத்தம் கூட ஓடுது, அதான் கறுப்பு. வெள்ளை இறைச்சி ஒருக்காப் பாய்ஞ்சு பிடிக்கிறதுக்கு. அது கெதியாக் களைச்சிடும்."

மீன்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "முப்பது வருசமா வெட்டுறன், ஒருத்தரும் இப்பிடிச் சொல்லேல்லை" என்று அவளுக்கு ஒரு துண்டு சும்மா கொடுத்தார். என் கணவர் அந்தக் கதையை ஒரு கிழமை சொல்லித் திரிந்தார். ஓட்டோ தரிப்பிடத்தில் சொன்னார், என் தாயிடம் சொன்னார். பிறகு இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தால், "இண்டைக்கு அவ என்ன சொன்னவ?" என்று கேட்கத் தொடங்கினார். என்னிடம் அவர் இறைச்சியின் நிறத்தைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. ஓட்டோவின் பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியை நான் இரண்டு தரம் திருப்பி வைத்தேன். "பின்னால பஸ் வாறது தெரியாமல் செத்துப்போகவோ?" என்று அவர் திரும்பவும் நேராக்கினார்.

அவர்களுக்கு இடையில் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். சண்டை பிடிக்க ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

இப்போது அவள் இங்கே இல்லை. டொக்டர் தன்னுடைய ஊரில் இருக்கிற ஒரு பெரிய ஆய்வுகூடத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வெள்ளைக் கோட் போட்டுக்கொண்டு நிற்கிற படம் ஒன்று போனில் வந்தது. நான் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோட்டின் பையில் பேனை குத்தியிருக்கிறது. எனக்கு அந்தப் பேனைதான் கண்ணுக்குள் நிற்கிறது. அவளுக்கு எதற்குப் பேனை?

அவளை டொக்டர் கண்டுகொண்டதற்குக் காரணம் நான் விட்ட பிழை. அதை ஒளித்துவிட்டு அவளைப் பற்றி எழுத ஏலாது.

எனக்கு ஒரு பழக்கம். துண்டு முழுக்கப் போமலினில் தாழ்ந்திருக்க வேண்டும், காய்ந்தால் பழுதாகிவிடும் என்று சேர் ஒரு தரம் சொன்னார். அன்றிலிருந்து வருகிற ஒவ்வொரு போத்தலையும் திறந்து, தண்ணி காணுமா, குறைந்துவிட்டதா என்று பார்ப்பேன். மூடுவேன். இறுக்கமாக மூடினேனா என்று திரும்பவும் பார்ப்பேன். கண் எரியும், மூக்கு எரியும், பார்க்காவிட்டால் மனம் எரியும். சில கிளினிக்குகள் ஆளின் பெயரைப் போத்தலில் எழுதாமல் மூடியில் பிளாஸ்ரர் ஒட்டி எழுதி அனுப்பும். அப்படி வந்தால் திறக்க முதல் போத்தலின் உடம்பில் இலக்கம் போட வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தைச் சுவரில் எழுதி ஒட்டியதே நான்தான்.

கரண்ட் அடிக்கடி நின்ற காலம் அது. ஒரு திங்கட்கிழமை மத்தியானம் கரண்ட் போய், சேர் மெழுகு இறுகப் போகிறதென்று ஜெனரேற்றரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வியர்வை கண்ணுக்குள் ஓடியது. ஒரே கிளினிக்கிலிருந்து இரண்டு போத்தல் வந்தது, ஒரே அளவு. இரண்டிலும் பெயர் மூடியில். ஒன்று சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த ஒரு மீனவரின் முதுகுக் கட்டியில் வெட்டிய துண்டு. மற்றது இறக்கக்கண்டியில் ஒரு அம்மாவின் கன்னத்து உட்பக்கத்தில் ஆறாத புண்ணில் வெட்டியது. இரண்டையும் திறந்தேன். அந்த நேரம் போன் அடித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து, மகனுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று. என் கணவருக்கு எடுத்துச் சொல்லி, நெற்றியில் கை வைத்துப் பார்க்கச் சொல்லி, திரும்பவும் எடுத்துக் கேட்டு, பிறகு வந்து மூடிகளைப் பூட்டினேன். மூடியைப் பார்த்துப் போத்தலில் இலக்கம் போட்டேன். கொப்பியில் என் அழகான எழுத்தில் ஏற்றினேன்.

அவள் போத்தல்களை எடுத்துத் தட்டில் அடுக்க வந்தாள். ஒன்றைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.

"இந்தத் துண்டு மிதக்குது."

"மிதந்தால் என்ன?"

"மிதக்கிறது கொழுப்புடீ. மற்றதெல்லாம் தாழும். இது கன்னத்து உள்பக்கம் எண்டெல்லே போட்டிருக்கு? புண்ணில வெட்டினதெண்டா மூடுற ஆக்கள்தானே வரவேணும். எப்பிடி முழுக்கக் கொழுப்பு?"

"நீ என்ன டொக்டரோ? போத்தலைக் கழுவச் சொன்னாக் கழுவு."

அவள் கோபிக்கவில்லை. அவளுக்குக் கோபிக்கத் தெரியாது, அல்லது அந்த நேரத்தில் துண்டைப் பார்க்கிற வேலை இருந்தது. "கொப்பி உன்ரதானே. சேரிட்ட ஒருக்காச் சொல்லிவிடு, என்ன?" என்றாள்.

"சொல்லுறன்."

அன்று பின்னேரம் ஓட்டோவில் போகும்போது, கோட்டை வாசலைக் கடந்து திரும்புகிற இடத்தில், அது எனக்கு விளங்கியது. மேசையில் இரண்டு மூடிகள் மல்லாந்து கிடந்தது கண்ணுக்குள் வந்தது. எது எந்தப் பக்கம் கிடந்தது என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அப்படி மாறியிருந்தால் அந்த அம்மாவுக்குக் கொழுப்புத்தான், பயப்பட ஒன்றும் இல்லை என்று கடிதம் போகும். அவர் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு வீட்டில் இருப்பார். புண் உள்ளே தின்னும். மற்றப் பக்கம், ஒன்றும் இல்லாத மீனவரின் முதுகைத் திரும்பவும் வெட்டுவார்கள்.

பக்கத்தில் அவள் என் மகனுக்கு எத்தனை பாகைக் காய்ச்சல் என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை சொல்லியிருக்கலாம். துண்டு மெழுகுக்குள் போய்விட்டாலும் சேர் கிளினிக்குக்கு ஒரு கோல் எடுத்தால் போதும். வேலை போய்விடும் என்ற பயத்தில் சொல்லவில்லை என்றுதான் பிறகு ஆட்களிடம் சொன்னேன். அது பொய். எனக்கு எல்லாப் பயமும் உண்டு, ஆனால் அன்றைக்கு வாயைக் கட்டியது பயம் இல்லை. நான் போய்ச் சொன்னால் சேர் கேட்பார், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று. அவள்தான் கண்டாள் என்று என் வாயால் சொல்ல வேண்டும். சேர் அவளைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையை நான் இரண்டு நாள் மனதுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தேன். இறக்கக்கண்டி அம்மாவின் முகத்தை நான் கண்டதில்லை. இந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும்.

புதன்கிழமை தகடுகள் வந்தன. அவள் சேரின் நுணுக்குக்காட்டியில் இரண்டையும் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"சேரிட்டச் சொன்னனீதானே?"

"ஓம்."

"என்ன சொன்னவர்?"

"டொக்டர் வரட்டாம்."

அப்படி நான் சொன்னது அவளுக்குப் போதும். நம்பிவிட்டாள்.

வியாழக்கிழமை டொக்டர் வந்தார். தேத்தண்ணீர் குடித்து, கதிரையை உயர்த்தி, தகட்டுத் தட்டை இழுத்துக்கொண்டார். நான் கொப்பியோடு பக்கத்தில் நின்றேன். அவள் ஒவ்வொரு தகடாக எடுத்துக் கொடுத்தாள். முதுகுக் கட்டி என்று எழுதியிருந்த தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்காமல் கேட்டாள்.

"டொக்டர், முதுகில உமிழ்நீர்ச் சுரப்பி இருக்குமோ?"

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன கேட்டீங்கள்?"

"இந்தத் துண்டின்ர ஒரு கரையில திராட்சைக் குலை மாதிரிச் சுரப்பி இருக்கு. மேல மூடுற ஆக்கள் அடுக்கடுக்கா நிக்கினம், ஆனால் தோல் மாதிரிச் செத்து உதிரேல்லை, ஈரமான தோல். மயிர்வேர் ஒண்டும் இல்லை. அந்த அடுக்கும் ஒரு இடத்தில குழம்பிப்போய்க் கீழ இறங்குது. இது வாய் டொக்டர். முதுகு இல்லை. கன்னம் எண்டு போட்டிருக்கிற மற்றது வெறும் கொழுப்பு. போத்தலிலயே மிதந்தது."

டொக்டர் தகட்டை வாங்கி வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். டொக்டரே எப்படியும் கண்டுபிடித்திருப்பார் என்று நான் அதற்குப் பிறகு எத்தனையோ தரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுரப்பி இருந்தது ஒரு கரையில், அன்றைக்குத் தட்டில் முப்பதுக்கு மேல் தகடு. இருந்தாலும் கண்டுபிடித்திருப்பார்.

"இந்த ரெண்டையும் ஆர் பொறுப்பெடுத்தது?"

"நான்தான் டொக்டர்" என்றேன்.

"போத்தலைத் திறந்தனீங்களோ?"

நான் வாயைத் திறக்க முன்னம் அவள் சொன்னாள். "இவ எல்லாத்தையும் திறந்து பாக்கிறவ டொக்டர். தண்ணி காணாதோ எண்ட பயத்தில. பேர் மூடியில வந்திருக்கு. மூடி மாறியிருக்கும்."

காட்டிக்கொடுக்கிற குரல் இல்லை அது. கோழிக்காலில் நூலைத் தேடி எடுத்து, இவர்தான் சொல்லுறவர் என்று சொல்வாளே, அதே குரல். இவள் இப்படிப்பட்டவள், இதற்காக இப்படிச் செய்கிறவள். என்னையும் பிரித்துத் தாளின் ஒரு மூலையில் வைத்துவிட்டாள்.

டொக்டர் சத்தம் போடவில்லை. சேர் பக்கம் திரும்பி, "உங்களுக்கு ஆரும் சொல்லேல்லையோ?" என்று கேட்டார். சேர் இல்லை என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் கொப்பியைப் பார்த்தேன். டொக்டர் கிளினிக்குக்குக் கோல் எடுத்து, இரண்டு பேரையும் கூப்பிட்டுத் திரும்பவும் துண்டு எடுக்கச் சொன்னார். பிறகு என்னிடம், "பயப்பிடுற ஆள் இந்த வேலைக்கு வேணும். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு பயப்பிடுங்கோ" என்றார். அவ்வளவுதான் தண்டனை. அதற்குப் பிறகு, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கிற நுணுக்குக்காட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். வியாழக்கிழமைகளில் ஒரு குழலில் டொக்டரின் கண், மற்றக் குழலில் அவளுடைய கண். நான் தேத்தண்ணீர் கொண்டுபோய் வைப்பேன். இரண்டு தலையும் நிமிராது.

அன்று தண்ணீர்த் தாங்கியடியில் அவள் என்னிடம் கேட்டாள்.

"ஏன்டீ சேரிட்டச் சொல்லேல்லை?"

"மறந்துபோனன். மகனுக்குக் காய்ச்சல் எல்லோ."

"ஓ, அதுதானே" என்றாள். திரும்பவும் நம்பினாள். தோலுக்குக் கீழே எத்தனை அடுக்கு என்று காண்கிறவள், என் முகத்தில் மட்டும் ஒரு அடுக்கும் காணவில்லை. அல்லது கண்டுவிட்டு, இதுவும் ஏதோ ஒரு வேலைக்குத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டாளோ தெரியாது. எனக்கு இரண்டும் பொறுக்கவில்லை.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு காலை நான் முன் மேசையில் தனியே இருந்தேன். அவள் உள்ளே போத்தல் கழுவிக்கொண்டிருந்தாள், தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. ஒரு அம்மா படியேறி வந்தார். அறுபது வயது இருக்கும். இடது கன்னம் உள்ளே இழுத்திருந்தது, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தார். கையில் பேப்பரில் சுற்றிய பார்சல்.

"மகள், நான் இறக்கக்கண்டி. இஞ்ச வேலை செய்யிற ஒரு பிள்ளைதான் போத்தல் மாறினதைக் கண்டுபிடிச்சது எண்டு டொக்டர் சொன்னவ. பெரிய ஆஸ்பத்திரியில வெட்டி எடுத்தாச்சு. கெதியாக் கண்டதாலதான் தப்பினனாம். அது நீங்களோ?"

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை.

"ஓம் அம்மா" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினார். வறண்ட, சூடான கை. பார்சலை மேசையில் வைத்தார். "கருவாடு. நாங்களே போட்டது." பிறகு இடுப்பிலிருந்து ஒரு சின்னத் துண்டுப் பேப்பரை எடுத்தார். "அம்மன் கோயில்ல உங்கட பேருக்கு ஒரு அருச்சனை நேந்தனான். பேரைச் சொல்லுங்கோ. எழுதித் தாங்கோ, எனக்கு எழுத்து வராது."

நான் என் பெயரை எழுதினேன். அழகாக எழுதினேன்.

"நட்சத்திரம்?"

"திருவாதிரை" என்று என் நட்சத்திரத்தைச் சொல்லி அதையும் எழுதினேன்.

தண்ணீர்ச் சத்தம் எப்போது நின்றது என்று தெரியாது. அவள் கதவடியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். நேராக அந்த அம்மாவிடம் வந்தாள். "வாயைத் திறவுங்கோ அம்மா, ஒருக்காப் பாப்பம்" என்றாள். அவர் திறந்தார். போனின் வெளிச்சத்தைப் பிடித்து உள்ளே பார்த்தாள். "வடிவா மூடியிருக்கு. உள்பக்கத்து ஆக்கள் கெதியா வளருவினம். வெளித்தோல் இப்பிடி வராது. வெத்திலை போடாதேங்கோ, என்ன?"

அந்த அம்மா அவளையும் ஒரு தரம் பார்த்துச் சிரித்துவிட்டு, என் தலையில் கை வைத்துவிட்டு, படியிறங்கிப் போனார்.

இனிக் கேட்பாள் என்று நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு பொய்யும் வரவில்லை. கத்தினாலும் பரவாயில்லை என்று இருந்தது. சொல்லப்போனால், கத்த வேண்டும் என்றே இருந்தது.

"நீ திருவாதிரையோ?" என்றாள். "நான் இவ்வளவு நாளும் பூரட்டாதி எண்டெல்லே நினைச்சுக்கொண்டிருந்தனான்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். திரும்பவும் தண்ணீர் விழத் தொடங்கியது.

கருவாடு நல்ல கருவாடு, பாரை. நாலு நாள் வைத்துச் சமைத்தேன். அவளுக்கு ஒரு துண்டும் கொடுக்கவில்லை.